நடு அறை நீங்கலாக

சபாபதிக்கு,

உன் தகப்பன் எழுதுவது. மழை ஆரம்பித்ததிலிருந்து முழங்கால் வலி மட்டும் உண்டு. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் பம்பாயில் சௌக்கியம்தானே? நீ கேட்டிருந்த உள்வாடகைக் கரார் நகல் இத்துடன் வருகிறது. ஆனால் நீ சொன்னபடி அதை எழுதவில்லை. அதனால்தான் கூடவே இவ்வளவு நீளமான கடிதமும் வருகிறது. முதலில் இதைப் படித்துவிட்டுப் பிறகு கராரைப் பிரித்துப் பார். அதை மட்டும் பார்த்தால் அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். தடுமாறவில்லை என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். நீயே படித்து முடிவு செய்.

நீ எழுதியிருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. அங்கே உனக்கு இரண்டு வருஷ வேலை. முடிந்ததும் ஊருக்கே திரும்ப எண்ணம். உத்திரமேரூரில் கோடையிலும் வற்றாத கிணறு உள்ள வீடு இன்னொரு முறை வாடகைக்குக் கிடைக்காது. ஆகையால் வீட்டைக் காலி செய்யாமல் உன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு, தை பிறப்பதற்குள் நான் பம்பாய்க்கு ரயிலேற வேண்டும். இரண்டு ஊரில் இரண்டு வாடகை கொடுக்கிற உன் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணையும் இல்லை. கடைசியில் நீ எழுதிய வரிதான் என்னை நிறுத்திவிட்டது. 'வீட்டுக்காரர் ஏகாம்பரத்தின் குடும்பத்தார் வந்து பூவாடைக்காரிக்குப் படையல் போடும் விஷயத்தைக் கராரில் எழுத வேண்டாம். டாக்டரிடம் சொல்லவும் வேண்டாம். எப்போதோ ஒரு நாள் வரப்போவது. அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வைத்துக்கொண்டு நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன்.

என் சர்வீஸ் முழுதும் ரிஜிஸ்தர் ஆபீசில் பிறர் பத்திரங்களைப் பார்த்து நகல் எடுத்தே கழிந்தது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், நான் நகல்தான் எடுத்தேன். ஆனாலும் வருஷக்கணக்காக நகல் எடுத்ததில் ஒன்று மட்டும் மனதில் பதிந்திருக்கிறது. வீட்டுக்காரன் வாடகைக்கு விடுவதும் வாடகைக்காரன் உள்வாடகைக்கு விடுவதும் ஒன்றல்ல. வீட்டுக்காரன் தன்னுடையதைக் கொடுக்கிறான். வாடகைக்காரனுக்கு அந்த வீட்டில் எவ்வளவு உரிமை உண்டோ, அதற்குள்தான் அவன் பிறருக்குக் கொடுக்க முடியும். அதைத் தாண்டி ஒரு கைப்பிடி இடம் எழுதிக் கொடுத்தாலும் அது பிறர் சொத்தை எழுதிக் கொடுத்ததாகும். அதனால்தான் முதலில் வீட்டுக்காரருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். உள்வாடகைக் கெடு நம்முடைய கெடுவுக்குள் முடிய வேண்டும். நாம் கொடுக்கும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. உள்வாடகைக்காரர் ஓட்டை உடைத்தாலும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். இவ்வளவையும் கராரில் எழுதியிருக்கிறேன். இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது பம்பாயில் நீ இருக்கிற அறையும் யாரோ ஒருவர் உனக்கு விட்டிருக்கும் உள்வாடகை அறைதான் என்று எழுதியிருந்தாய். அவருக்கு வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டாயா? கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கும். ஆனாலும் கேள். ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்கிக்கொள். மருமகள் இருக்கும் வீட்டில் திடீரென்று எவனோ வந்து வெளியே போ என்று சொல்லக் கூடாது.

இனி நம் வீட்டு விஷயம். உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் நான் நினைப்பது சரியா என்று எனக்கே தெரியும். ஏகாம்பரத்தின் அப்பாவுக்கு இரண்டு தாரம். முதல் தாரம் குழந்தையில்லாமல் சின்ன வயதிலேயே விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். போனது நம் வீட்டு நடு அறையில். ஏகாம்பரம் இரண்டாம் தாரத்து மகன். அவர் கண்ணால் பார்க்காத அந்தப் பெரியம்மாவைத்தான் அவர்கள் குடும்பம் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறது. பொட்டும் பூவுமாகப் போனவளாம், அதனால் வீட்டுக்குத் தெய்வம். வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் முதலில் அவளைக் கிணற்றடியிலிருந்து குடத்தில் அழைத்து வந்து, அவள் உயிர்விட்ட அறையில் புதுப்புடவை சாத்திப் படையல் போட்டு, உத்தரவு கேட்க வேண்டும். கேட்காமல் தாலி கட்ட மாட்டார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் பெருநகருக்குக் குடிபோன பிறகும் இதற்காகத்தான் அந்த வீட்டை விற்காமல் வைத்திருக்கிறார்கள். உன் பெயரில் வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது கரார் எழுதியவன் நான். இதையும் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “இன்னா கிளார்க்கையா, கடன்காரனுக்குத் தேதி குடுக்கிற மாதிரி அவளுக்கும் தேதி போட்டு எழுதுவீங்களா? அத்தப் போயி யாராவது எழுதுவாங்களா?” என்றார். எழுதினால் தெய்வத்தை மட்டுப்படுத்தியது போல ஆகும் என்று அவருக்கு எண்ணம். நானும் எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படித்தான். வேலி மரத்துக் கிளை யாருக்கு என்று பத்திரத்தில் எழுதுவோம். வீட்டுத் தெய்வம் எந்த அறையில் இருக்கிறது என்று எழுத மாட்டோம்.

உன் அம்மா போனதும் அதே நடு அறையில்தான். நீ காஞ்சிபுரத்திலிருந்து டாக்டரை அழைத்துக்கொண்டு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கடுத்த வருஷம் ஏகாம்பரத்தின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நீ அன்று வேலையாக வெளியூர் போயிருந்தாய். வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். பம்பை அடிக்கிறவர்கள் வந்தார்கள். நான் வழக்கம்போல ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். கிணற்றடியில் குடத்துக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். “ஐயா, உங்க வூட்டம்மா பேரு இன்னா?” எனக்கு முதலில் புரியவில்லை. சொன்னேன். “அந்தம்மாவும் பொட்டும் பூவுமாத்தானே போச்சி. அதே ரூம்புல கீறவங்கள ஒருத்திய மட்டும் கூப்ட்டு ஒருத்திய வுட்டுட முடியுமா?” என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவின் பெயரோடு உன் அம்மாவின் பெயரையும் சேர்த்து மூன்று தரம் கிணற்றுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். படையலில் இரண்டு இலை போட்டாள். உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டு, ஒரு இலையில் அவரைக்காய் வைத்தாள்.

இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ இந்த வழக்கங்களில் நம்பிக்கை இல்லாதவன். எனக்கும் எவ்வளவு நம்பிக்கை உண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் என் மனைவியின் பெயரைப் பிறர் வாயால் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றுதான். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது அவர்களுடைய இரண்டாவது பெண்ணுக்குத் தையில் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். நாம் சொல்லாமல் வீட்டைக் கொடுத்து, படையலுக்கு அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது டாக்டர், 'என்னிடம் யாரும் சொல்லவில்லை, கராரில் இல்லை, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பம்பையும் உடுக்கையுமாக விட மாட்டேன்' என்று சொன்னால், சட்டப்படி அவர் பேச்சு சரி. ஏகாம்பரத்தின் பேச்சும் சரி. வாசலில் மணப்பெண்ணோடு நிற்பார்கள். நீ பம்பாயில் இருப்பாய், நான் உன் பக்கத்தில் இருப்பேன். நம் இருவர் கையெழுத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்று போகும். 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நீ எழுதினாயே, அப்போது பார்த்துக்கொள்ள அங்கே நம்மில் யார் இருப்போம்?

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேனே தவிர, டாக்டரைப் பார்க்க முதல் தடவை போனபோது வாயைத் திறக்கவில்லை. அவர் திருச்சிப் பக்கத்து மனிதர், நல்ல சுபாவம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள ஒரு ஒழுகுகிற அறையில் மனைவியோடும் குழந்தையோடும் இருக்கிறார். தொட்டிலுக்கு மேலே மழைக்குச் சாக்கு கட்டியிருந்தார்கள். “வேற ஏதாவது கண்டிஷன் உண்டாங்க ஐயா?” என்று அவரே கேட்டார். “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ சொன்னபடிதான் செய்தேன். தெருமுனை திரும்புவதற்குள் அது சரியில்லை என்று தோன்றிவிட்டது. திரும்பிப் போகத் துணிவு வரவில்லை.

மறுநாள் சம்மதம் வாங்கப் பெருநகருக்குப் பஸ் ஏறினேன். ஏகாம்பரம் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு நடவு ஆட்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “இன்னா கிளார்க்கையா, இந்த மழையில நனைஞ்சிகினு வந்துகீறீங்க? ஆள் அனுப்பினா நானே வந்திருப்பனே” என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். விஷயத்தைச் சொன்னேன். “உள்வாடகைதானே, தாராளமா வுடுங்க. தம்பி நல்லா இருந்தா சரி” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதே எனக்குப் பயமாக இருந்தது. காகிதத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடும் முன் தலை நிமிர்ந்து பார்த்தார். “பெரியம்மா கீறது அந்த டாக்டருக்குத் தெரியுமில்ல?”

தெரியாது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கராரில் எழுதட்டுமா என்று மறுபடி கேட்டேன். “அத்த எழுதறது முறையில்ல. எங்கப்பன் காலத்துலகூட எழுதல” என்றார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா வெளியே வந்தாள். “இன்னா முறையக் கண்டுகினே நீ? அந்த ஊர்ல கோயில் செவுரு பூரா ஊரு நாயத்தக் கல்லுல வெட்டி வச்சிகீறாங்க. அதனால சாமி கொறஞ்சி பூட்டுதா? நம்ம வூட்டு நாயத்தக் காயிதத்துல எழுதினா மட்டும் பெரியம்மா கோச்சிக்குமா? வெளியூர்க்காரங்க, எழுதலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்க எழுதுங்க ஐயா. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல வாயால சொல்லிட்டு அப்பால எழுதுங்க. காயிதத்தப் பார்த்துத் தெரிஞ்சிகினா பயந்துடும்.” ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். “இவ ரிஜிஸ்தர் ஆபீசுல இருக்க வேண்டியவ. எனக்கு வந்து வாச்சிகினா” என்றார்.

அன்று மாலையே டாக்டர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். நடு அறை, பெரியம்மா, பம்பை, குடம், தையில் கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. முன்பு ஒன்றுமில்லை என்றது சரியல்ல என்றும் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, “நான் பேயோட இருந்தாலும் இருப்பேங்க, இந்த ஒழுகல்ல இருக்க முடியாது” என்றார். “சிரிக்காதீங்க” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இருபது வயதுக்கு மேல் இராது. “அந்த அம்மா குழந்தைங்களை ஏதாவது செய்யுமா ஐயா?” என்று கேட்டாள்.

செய்யாது என்று சொல்ல நான் யார்? அந்த அறையில் இவ்வளவு காலமாக நான் படுத்துத் தூங்குகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மனைவியும் அதே அறையில்தான் போனாள், அவளையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைக்கக் கூடாது என்று கிளம்பியவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. உனக்கு இருந்த ஒரே உள்வாடகைக்காரரையும் என் வாயால் விரட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து இருவரும் குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். அவள் நேரே நடு அறை வாசலில் போய் நின்றாள். என் பாயும், உன் அம்மா படமும், அலமாரியும் இருந்தன. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “இவர் மாடு பார்க்கத் தென்னேரி வரைக்கும் சைக்கிள்ல போயிடுவார். நான் இவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்கணும். இந்த அறையப் பூட்டி வச்சா, உள்ள என்ன இருக்கோன்னு நாள் முழுக்க அந்தக் கதவையேதான் பார்த்துக்கிட்டு இருப்பேன். நீங்க எப்பவும் போல இதுலயே இருந்தீங்கன்னா நான் வர்றேன் ஐயா. அவங்க வந்து கும்பிடுற அன்னிக்கு நானும் கூட நிக்கறேன்” என்றாள். டாக்டர், “வாடகைக்கு வீடு கேட்டா வீட்டோட பெரியவரையும் சேர்த்துக் கேட்கிறா பாருங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகையால் இத்துடன் வரும் நகலில், 'மேற்படி வீட்டில் நடு அறை நீங்கலாக' என்று எழுதியிருக்கிறேன். நடு அறை உன் வசமே இருக்கும். உனக்காக நான் அதில் இருப்பேன். அது மட்டும் போதாது. படையலுக்கு வருகிறவர்கள் பொறக்கடைக் கிணற்றிலிருந்து குடத்தோடு கூடத்தைக் கடந்துதான் நடு அறைக்கு வர முடியும். அறை நம்முடையதாக இருந்தாலும் வழி டாக்டருடையதாகிவிடும். அதனால் கிணற்றையும் வழியையும் தனியாக எழுதினேன். 'வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தார் தங்கள் வழக்கப்படி வீட்டுத் தெய்வத்தை அழைக்க வரும் நாளில், முன்கூட்டிச் சொல்லியனுப்பினால், உள்வாடகைதாரர் கிணற்றடிக்கும் கூடத்துக்கும் தடை சொல்வதில்லை' என்று. தேதி எதுவும் போடவில்லை, ஏகாம்பரத்துக்குப் பிடிக்காது. முன்கூட்டிச் சொல்வது என்பது டாக்டர் மனைவிக்காக. எனக்குத் தினமும் சாப்பாடு போடுகிறேன் என்று அவள் சொன்னதை எழுதவில்லை. எழுதினால் அது அவள் கடமையாகிவிடும். மனதிருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் நான் எப்போதும்போல் பொங்கிக்கொள்கிறேன். எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதில் நான் செய்தது சரியா என்று இன்னும் சந்தேகம்தான். நீயும் யோசித்துப் பார்.

ஆனால் இவ்வளவும் சொன்ன பிறகு, உனக்கு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்துவிட்டது. அப்பா ஏகாம்பரத்துக்காகவும் டாக்டர் மனைவிக்காகவும் இங்கே தங்குகிறாரா, அல்லது பம்பாய்க்கு வர மனமில்லாமல் அவர்கள் இருவரையும் சாக்காக வைத்துக்கொள்கிறாரா? நான் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒரே அறையில் நீங்கள் இருவரும் இருக்கும் இடத்தில் நான் வந்து படுப்பது எனக்குக் கூச்சம், அது உண்மை. பாஷை தெரியாத ஊரில் தெருவில் இறங்கப் பயம், அதுவும் உண்மை. உன் அம்மா போன அறையை விட்டு வர மனமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பெண் நடு அறை வாசலில் நின்று கேட்காமல் இருந்திருந்தால், இந்த மூன்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, நீ சொன்ன தேதியில் ரயிலேறியிருப்பேன். என்னைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியும்.

வீடு உன் பெயரில் இருக்கிறது. கரார் எழுதிக் கொடுக்க வேண்டியவன் நீ. நான் எழுதி வைத்திருப்பது வெறும் நகல். உனக்கு இது சம்மதமில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பு. காரணம் எழுத வேண்டியதில்லை. வீட்டை ஏகாம்பரத்திடம் ஒப்படைத்துவிட்டு, டாக்டரோடு நீங்களே நேரே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் வந்துவிடுகிறேன். மனக்குறை வைத்துக்கொண்டு வர மாட்டேன். சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த நல்ல நாளில் அவர்கள் குடிவந்துவிடுவார்கள்.

நேற்று கன்னியம்மா சந்தைக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரியம்மாவை அழைக்க நாள் வைத்திருக்கிறார்களாம். டாக்டர் மனைவியைப் பற்றிச் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். போகும்போது உன்னைக் கேட்டாள். “போன தடவ தம்பி இல்ல. பெத்தவளக் கூப்புடும்போது புள்ள கையில குடத்தக் குடுக்கணும்னு எனக்கு அப்பவே ஆச. லீவு கெடைக்குமான்னு கேட்டு எழுதுங்க” என்றாள். நான் கேட்கிறேன். லீவு கிடைக்குமா, சபாபதி?

உன் அப்பா